நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். வடக்கனந்தலில் குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிற குடும்பம். செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் போய்ப் பார்த்தால் புத்தகம் முழுக்க ஆங்கிலம். முதல் மாதம் வகுப்பில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல், எல்லாரும் தலையாட்டும்போது நானும் தலையாட்டினேன்.

முதல் தேர்வில் ‘ஆன்டிநேட்டல்’ பராமரிப்பு பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆன்டிபயாடிக் என்ற சொல் எனக்குத் தெரியும். கிருமிக்கு எதிரான மருந்து. நேட்டல் என்றால் பிறப்பு. ஆகவே பிறப்புக்கு எதிரான பராமரிப்பு என்று முடிவு செய்து, கருத்தடை முறைகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பெண்கள் மேசையில் தலை வைத்துச் சிரித்தார்கள். பிறகு அவர் கரும்பலகையில் இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் ஒரே ஓர் எழுத்தைச் சுழித்துக் காட்டினார். அந்த இடத்தில் ‘ஐ’ வந்தால் எதிர். ‘இ’ வந்தால் முன். ஒரு எழுத்து மாறினதில் பிள்ளைக்கு முன்னால் செய்கிற கவனிப்பு, பிள்ளையே வேண்டாம் என்பதாகிவிட்டது.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரே மாதிரி தொடங்குகிற சொற்களை ஒரே பக்கத்தில் எழுதி, எதிரே தமிழ்ப் பொருளை எழுதி வைத்தேன். ஹைப்பர் என்றால் ஜாஸ்தி, ஹைப்போ என்றால் கம்மி. ‘ப்ரீ’ என்று தொடங்கினால் பெரும்பாலும் முன்: நாள் ஆவதற்கு முன், வலிப்பு வருவதற்கு முன், நடப்பதற்கு முன். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை என்பதைத்தான் அதிலிருந்த சொற்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன.

இரண்டாம் ஆண்டில் நான் வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். முதல் நான்கு எழுத்தைப் பார்த்ததும் முழுச் சொல்லையும் சொல்லிவிடுவேன். கூடப் படித்தவர்கள் புத்தகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, சொல்லின் தலையை மட்டும் காட்டிச் சோதிப்பார்கள். நான் தோற்றதே இல்லை. கற்றுக்கொண்டது ஆங்கிலம் இல்லை, ஊகிப்பதுதான் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வேலை கிடைத்தது கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறும் பஸ்ஸில் போய், பிறகு ஷேர் ஜீப்பில் இன்னும் கொஞ்ச தூரம். துணை சுகாதார நிலையம் என்று இரண்டு அறைக் கட்டடம். பின்னால் ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் வரும். என் பொறுப்பில் ஏழு சிற்றூர்கள். அதில் மூன்றுக்கு ஜீப் போகாது. சாமைக் கொல்லைகளுக்கும் மரவள்ளிக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ‘நர்சம்மா’ என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

நான் சொல்ல வந்தவள் அந்த மூன்று ஊர்களில் கடைசி ஊரைச் சேர்ந்தவள். என்னைவிட ஒரு வயது இளையவள். கணவன் கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவான். வீட்டில் அவளும் மாமியாரும்தான். நான் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்திருந்தது. “எப்படி?” என்று ஒருமுறை கேட்டேன். “ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தோம். வழியில பொறந்துச்சு, செத்துப் பூடுச்சு” என்றார் மாமியார். மலையில் அப்படி நடப்பதுண்டு. தூரம் அப்படி. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் மறுபடி உண்டானபோது ஐந்தாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அப்போது அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். நோயாளியோடு நிறையப் பேசுவார், கர்ப்பிணி அட்டையில் கொஞ்சமாக எழுதுவார். அவளை உள்ளே வைத்து வெகுநேரம் விசாரித்தார். நான் வெளியே மற்றவர்களுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்து அட்டையை நீட்டினாள். இரண்டாவது கர்ப்பம், உயிரோடு பிள்ளை இல்லை என்று குறித்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் பி, ஆர், இ, சி என்று நான்கு எழுத்து, ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுபட்டிருந்தது. பேனா வழுக்கியதாக நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. ப்ரெஷியஸ். விலைமதிப்பில்லாதது. வெகுகாலம் கழித்துத் தங்கும் கருவையும், முதல் பிள்ளையை இழந்தவளின் கருவையும் டாக்டர்கள் அப்படி எழுதுவார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இவளுக்கு அது அச்சாகப் பொருந்தியது. என் பதிவேட்டில் அந்தச் சுருக்கத்தை விரித்து முழுச் சொல்லாக, குண்டு குண்டாக எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது பெருமையாகச் சொன்னேன்: “உங்க பிள்ளைக்கு டாக்டரம்மா என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? விலைமதிப்பில்லாத பிள்ளைன்னு எழுதியிருக்காங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. கையில் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“அப்டி சொல்லாதீங்க நர்சம்மா. வெலய பத்தி பேசினா எவனாச்சும் கேட்டுக்கினு வருவான்.”

“யார் வருவாங்க?”

“யாராச்சும்” என்றார். பிறகு எழுந்து போய், அடுப்புக் கரியை விரலில் தொட்டு வந்து மருமகளின் வயிற்றில், புடவைக்கு மேலேயே, ஒரு பொட்டு வைத்தார். நான் பார்க்காதது போல இரும்புச் சத்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் டாக்டரம்மாவுக்கு சங்கராபுரம் பக்கம் மாற்றலாகிவிட்டது. வந்தவர் இளைஞர், நல்லவர். அவர் அட்டையைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்தார். சிவப்பு மை மழையில் நனைந்து கலங்கியிருந்தது. “இது என்ன சிஸ்டர்?” என்று கேட்டார். நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். “ஓ, ப்ரெஷியஸா. சரி, நல்லா பாத்துக்கோங்க” என்றார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ரத்த அழுத்தம், எடை, பிள்ளையின் துடிப்பு எல்லாம் சரியாக இருந்தது. பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னால் கீழே கூட்டி வந்து தங்க வைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் எழுதினேன். ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை என்றால் பெய்துவிட்டு நிற்பதில்லை. மேகம் வந்து ஊருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பத்தடிக்கு அப்பால் இருக்கும் ஆள் தெரியாது, குரல்தான் வரும். கடைசியாக நான் அவள் வீட்டுக்குப் போனபோது, “இடுப்பு கொஞ்சம் கனமா இருக்குதுங்க” என்றாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை கீழே இறங்கியிருந்தது. நாள் இருக்கிறது என்றேன். திரும்பி வரும்போது மாமியார் பாதை முனைவரை கூட வந்தார். எதையோ கேட்க வந்தவர் போல நின்றார். “இன்னா ஆயிடப் போவுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் குறைவு, மழையால் பாதிப் பேர் வரவில்லை. அவளும் வரவில்லை. நாங்கள் நர்சுகள் நாலைந்து பேர் பதிவேடுகளை விரித்து மாதக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்த நர்ஸ் வேறொரு ஊரில் நடந்த பிரசவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வலி வந்துச்சுன்னு போன் பண்றாங்க, நான் செருப்ப மாட்டறதுக்குள்ள பொறந்துடுச்சுன்னு மறுபடி போன் வருது. ப்ரெசிபிடேட் லேபர். மூணாவது புள்ள அவளுக்கு. மூணும் அப்டித்தான்.”

நான் எழுதிக்கொண்டிருந்த எண்ணை முடிக்கவில்லை. பேனா நின்றுவிட்டது.

அந்தச் சொல் எனக்குத் தெரியாததில்லை. பாடப் புத்தகத்தில் பின்பக்கமாக ஒரு சிறு பத்தி இருந்தது. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பிரசவம். ஒருமுறை வந்தால் மறுமுறையும் வரலாம். தாய்க்குக் கிழிசல், ரத்தப்போக்கு. தேர்வுக்கு முந்தைய வாரம், இது வராது என்று விட்டுவிட்ட பத்தி.

பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன அகராதியை எடுத்தேன்.   ப்ரெஷியஸ், விலைமதிப்பற்ற. அதற்கு இரண்டு வரி கீழே ப்ரெசிபிஸ், செங்குத்துப் பாறை விளிம்பு. அதை அடுத்து ப்ரெசிபிடேட், தலைகுப்புறத் தள்ளு, முன்யோசனையின்றி விரைந்து நிகழ்வி. எல்லாம் ஒரே பத்தியில், ஒரே நான்கு எழுத்தில் தொடங்கி, அடுத்தடுத்து இருந்தன. அப்போதுதான் புள்ளிக்குப் பின்னாலிருந்த அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. பேனா வழுக்கவில்லை. அது ‘எல்’. லேபர், அதாவது பிரசவ வலி, என்ற சொல்லின் முதல் எழுத்து.

மாற்றலாகிப் போன டாக்டரம்மாவின் எண் என்னிடம் இருந்தது. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. புறநோயாளிகள் நேரம். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். நான் அவளுடைய ஊரைச் சொல்லி, முதல் பிள்ளை வழியில் இறந்துபோனவள் என்றேன். அவருக்கு ஞாபகம் இருந்தது.

“அட்டையில நீங்க எழுதினது ப்ரெஷியஸ்தானே மேடம்?”



“நான் அந்த வார்த்தையை எழுதவே மாட்டேன்மா. எந்தக் குழந்தை விலை கம்மி?” என்றார். பிறகு குரல் மாறியது. “அவளுக்கு முதல் பிரசவம் ஒரு மணி நேரம்கூட இல்ல. எப்ப தேதி?”

“இன்னும் பதினெட்டு நாள் இருக்கு.”

“இன்னிக்கே எறக்கு. இப்பவே கிளம்பு.”

இளைய டாக்டரிடம் நின்றபடியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பிரசவப் பெட்டியையும், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்தும் தானே எடுத்துக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் கீழே ஒரு நோயாளியை விடப் போயிருந்தது. வெளியே நின்ற ஷேர் ஜீப்பை அழைத்தேன். ஓட்டுநர், “ஆளு சேரட்டும் சிஸ்டர்” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிட்டார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை. பகல் ஒரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு போனோம். ஒரு திருப்பத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து ரோட்டில் கிடந்தது. இருவரும் இறங்கி இழுத்துப் போட்டோம். ஒன்றும் ஆகியிருக்காது, பதினெட்டு நாள் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தபடி ஓட்டினார். ஜீப் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. எப்போதும் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டு யாராவது இருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாதையில் பாதி தூரம் போனபோது மூடுபனிக்குள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“உங்களுக்கு யாரு சொன்னாங்க? நான் இப்பதான் போன் பண்ணப் போய்க்கினு இருக்கேன்!”

“எப்ப வலி வந்துச்சு?”

“இப்பதான். சோறு துன்னுக்கினு இருந்துச்சு.”

ஜீப்பை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லி அவரை ஓட்டுநரிடம் அனுப்பிவிட்டு ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று.

அவள் நடுவீட்டுக் கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு முட்டி போட்டிருந்தாள். சோற்றுத் தட்டு அப்படியே கிடந்தது. கத்தவில்லை. வாயைத் திறந்து மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். நான் கையுறையை மாட்டும்போதே தலை தெரிந்தது. “முக்காதே, முக்காதே” என்றேன். அது அவள் கையில் இல்லை. நான் இரண்டு கைகளையும் நீட்டியதும் பிள்ளை வந்து அதில் விழுந்தது. பெண். ஒரு நொடி பேசாமல் கிடந்து பிறகு அழுதது. மாமியார் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை அழுதுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பிரசவம் பார்ப்பவர்களுக்கு அதற்கப்புறம்தான் பயம். தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைத் துணியில் சுற்றி மாமியாரிடம் கொடுத்தேன். அவளுக்கு ஊசி போட்டேன். நஞ்சுக்கொடி வந்தது. அதன் பின்னால் ரத்தம் வந்தது, நிற்கவில்லை. வயிற்றின் மேல் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்தேன். அது கல் மாதிரி இறுக வேண்டும். என் கைக்கு அடியில் ஊறிய மாவு மாதிரிக் கிடந்தது.

“நர்சம்மா, குளுருதுங்க” என்றாள்.

ஒரு போர்வையில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். நான் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. மாமியார் பிள்ளையோடு முன்னால் ஏறிக்கொள்ள, நான் ஜீப்பின் பின் இருக்கையில் மண்டியிட்டு அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன். வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து நின்றது. இளைய டாக்டர் அதில் இருந்தார். அவளை அதற்கு மாற்றி, இரண்டு கைகளிலும் குளுக்கோஸ் ஏற்றினார். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் அவள் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கீழே, கோமுகி அணை தெரிகிற இடத்தில், மழை விட்டு வெயில் அடித்தது. அந்த வெயிலில்தான் அவள் உதடு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கண்டேன்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவளை நேரே அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றினார்கள். என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத்தான் உயிரைப் பிடித்தார்கள். மாமியார் அதற்குச் சம்மதக் கைநாட்டு வைக்கும்போது என்னிடம் திரும்பி, “இது இன்னா காயிதம்?” என்று கேட்டார். அந்தத் தாளும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் முழுவதையும் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக, இரண்டு முறை வாசித்தேன். பிறகு சொன்னேன். அவர் கட்டைவிரலை நீட்டினார்.

மூன்றாம் நாள் அவள் கணவன் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தான். வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். “நீங்க போன் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டீங்கன்னு ஊர்ல சொல்றாங்க. சாமிதான் உங்கள அனுப்பிச்சிது” என்றான். அந்தக் கும்பிடு எனக்குத் தாங்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஐந்து நாள் அதே தலையாட்டலோடு இருந்தேன். எங்கே போனாலும் அதைத்தான் சொன்னார்கள். எப்படியோ தெரிந்து ஓடியிருக்கிறாள், கைராசிக்காரி.

எட்டாம் நாள் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். அட்டையில் எழுதியிருந்ததை நான் தப்பாகப் படித்தேன். சரியாகப் படித்திருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே கீழே கூட்டி வந்திருப்பேன். உனக்கு இப்படி ஆகியிருக்காது.

மாமியார் மடியில் பிள்ளை இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“மொதோ புள்ளையும் இப்டித்தாங்க. அடுப்புல சாமய வச்சிட்டு எழுந்தேன், இடுப்புல சுருக்குனு புடிச்சிது. ரோட்டுக்கு வர்றதுக்குள்ள பாறை மேல வுழுந்துடுச்சு. சாமை வெந்துகூட இருக்காது.”

இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அவளே சொல்லிவிட்டாள்.

“டாக்டரம்மா கேட்டாங்க, சொன்னேன். எழுதிக்கினாங்க. நீங்க கேக்கல. எழுதினத பாத்துக்கினீங்க.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். மாமியார் பிள்ளையைத் தூக்கிக் கட்டிலின் அந்தப் பக்கம், எனக்கு எட்டாத பக்கம், படுக்க வைத்தார். “நாங்க படிக்கல நர்சம்மா. நீங்க படிச்சவங்க” என்றார். எழுந்து வந்தேன்.

அந்த மாத ஆய்வுக் கூட்டத்துக்கு முன்னால் மூத்த நர்ஸ் என்னைத் தனியாக அழைத்தார். “டாக்டர் கையெழுத்து புரியலன்னு சொல்லிடு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தாயும் புள்ளையும் உசிரோடதான இருக்குது” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூட்டத்தில் நான் பதிவேட்டை விரித்து, சுருக்கத்தை விரித்து எழுதியது நான்தான் என்று சொன்னேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா போனில் கூப்பிட்டு, “அரைச் சொல்லோட விட்டது நான். மீதியை நீ நிரப்பிட்ட. ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு” என்றார். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அவர் விட்ட பாதியைவிட நான் போட்ட பாதி பெரிது.

அதற்குப் பிறகு நெடுநாள் அவள் என்னிடம் வரவில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேறொரு நர்சின் எல்லைக்கு, இரண்டு மலை தாண்டி நடந்து போனாள். நான் அவர்கள் ஊருக்குப் போகும் நாளில் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பிள்ளையின் சத்தம் கேட்கும். நான் கதவைத் தட்டியதில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது அந்த நாட்களில்தான். யார் அட்டையை நீட்டினாலும் உடனே வாங்கக் கை வராது. ஒவ்வொரு சுருக்கத்துக்குள்ளும் ஒரு ஆள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவது போலத் தோன்றும்.

பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு புதன்கிழமை, ஊசி போடும் நாள், அவள் வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். கூட இன்னொரு பெண், ஆறு மாத வயிற்றோடு. கீழேயிருந்து அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. முதல் பிள்ளையைத் தாய் வீட்டில் பெற்றவள். நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் அந்தப் பெண்ணை முன்னால் தள்ளி நிறுத்தினாள்.

“இதுக்கு மொதோ புள்ள எப்டி பொறந்துச்சுன்னு கேளுங்க.”

அட்டை புதிது. அதில் முந்தைய பிரசவம் இயல்பானது என்று குறித்திருந்தது. நான் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

“பொழுது சாயறப்ப வலி எடுத்துச்சுங்க” என்றாள் அந்தப் பெண். “மறுநா வெடிஞ்சதும் பொறந்துச்சு. புள்ள நல்லாதான் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு நாளு நெனப்பே இல்ல. கை கால் இழுத்துக்கினு கெடந்தேன்னு எங்கம்மா சொல்லுவாங்க. நாக்க கடிச்சிக்கினேனாம்.” நாக்கை நீட்டிக் காட்டினாள். ஓரத்தில் தழும்பு இருந்தது.

அட்டையில் இது ஒரு எழுத்துகூட இல்லை. நான் ரத்த அழுத்தக் கருவியை அவள் கையில் சுற்றினேன். பாதரசம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை பார்த்தேன். பிறகு அட்டையைத் திருப்பி, சிவப்பு மையில், முழுச் சொற்களாக, தமிழில் எழுதினேன்: முதல் பிரசவத்துக்குப் பின் வலிப்பு, இப்போது ரத்த அழுத்தம் அதிகம். பாறை மேல் ஏறி ஜீப்புக்குப் போன் செய்தேன். கீழே இறங்கி வரும்போது அவள் பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் பையில், தான் கொண்டு வந்திருந்த இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.